சோடியம் பாட்டிலுக்கு யார் கையெழுத்துப் போடுவது

ஒன்பது வருடம் நான் ஒரு பாட்டிலோடு குடித்தனம் நடத்தினேன். கட்டிய கணவரோடு சேர்ந்திருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் அதைவிடக் கம்மியாகத்தான் வரும். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், ஒரு சாண் உயரம், லேபிள் பாதி உரிந்தது. உள்ளே மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடந்தது சோடியம். காற்றுப் பட்டால் கெட்டுவிடும், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அந்த உலோகத்தை எப்போதும் எண்ணெய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஓர் அரசுப் பள்ளியில், அறிவியல் அறையின் இரும்பு அலமாரியில், அது கீழ்த்தட்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. அலமாரிச் சாவி என் கைப்பையில் இருந்தது.

கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மகள் அங்கே அவரோடும் அவருடைய அக்காவோடும் வளர்ந்தாள். நான் வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று நின்று நின்று ஓசூர் போவேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மறுபடி கிளம்பிவிட வேண்டும். மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது நான் கிளம்பினால் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். ஐந்து வயதில் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஆறு வயது முடிந்த பிறகு அழுகை நின்றுவிட்டது. அதற்குப் பதில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. நாலு மணி ஆனதும் என் பையை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைப்பாள். என் செருப்பைத் தெருப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போடுவாள். "அம்மா, டைம் ஆச்சு" என்பாள். அவள் அழுத காலமே தேவலாம் என்று தோன்றும்.

ஒவ்வொரு வருடமும் அவளிடம் சொல்வேன், அடுத்த வருஷம் அம்மா இங்கயே வந்துடுவேன் என்று. ஒவ்வொரு வருடமும் இடமாறுதல் கலந்தாய்வில் என் முறை வருவதற்குள் ஓசூர்ப் பக்கத்து இடங்கள் நிரம்பிவிடும். நாலாவது தடவை சொன்னபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கலர் பென்சிலைச் சீவிக்கொண்டே, "சரிம்மா" என்றாள்.

பாடத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் உலோகங்களின் வினைபடு வரிசை என்று ஒன்று உண்டு. எந்த உலோகம் ஆத்திரக்காரன், எது சாது என்று மேலிருந்து கீழாக எழுதி வைத்த பட்டியல். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம் என்று தொடங்கி, இரும்பு, தாமிரம் எல்லாம் கடந்து, கடைசியில் தங்கம். ஆணியை மயில்துத்தக் கரைசலில் போட்டு, இரும்பு எப்படித் தாமிரத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்கிறது என்று வருடா வருடம் காட்டுவேன். ஆணி செம்பு நிறத்துக்கு வரும், நீலம் வெளிறும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். அது ஒன்றும் ஆபத்தில்லை, ஆணி பத்து ரூபாய்க்குக் கை நிறையக் கிடைக்கும். சோடியம் வந்ததும் மட்டும் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். "தண்ணீருடன் தீவிரமாக வினைபுரியும், ஹைட்ரஜன் வெளிவரும், எழுதிக்கோங்க." எழுதிக்கொள்வார்கள். நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு பிள்ளை கேட்டாள், நீங்க பாத்திருக்கீங்களா மிஸ் என்று. "காலேஜ்ல பாத்திருக்கேன்" என்றேன். பச்சைப் பொய். காலேஜில் எங்கள் பேராசிரியரும் பாட்டிலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வைத்துப் பூட்டினார்.

பூட்டி வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. வருடத்துக்கு ஒரு தரம் இருப்பு சரிபார்ப்பு நடக்கும். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்து, நேராக "உள்ளது" என்று எழுத வேண்டும். யாரும் எதையும் திறந்து பார்ப்பதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் உள்ளது என்று எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே. நான் வேலையில் சேர்ந்த அன்று, என்ன ஏது என்று கேட்காமல், மொத்தப் பட்டியலுக்கும் அடியில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு ஒன்பது தடவை நானும் உள்ளது என்று எழுதினேன்.

நடுவில் ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. இரண்டு வருடம் முன்பு கோடை விடுமுறை முடிந்து வந்து அலமாரியைத் திறந்தால், பாட்டிலில் மண்ணெண்ணெய் வற்றிப் போய், சோடியம் வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கொடுப்பது எப்போதோ நின்றுவிட்டது. ஊருக்குள் நாலு கடை ஏறி இறங்கினேன். "மண்ணெண்ணையா, அதெல்லாம் யாரு டீச்சர் வாங்கறாங்க?" என்று சிரித்தார்கள். இந்த ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைப்பது ஒரே எண்ணெய்தான், விளக்கேற்றும் தீப எண்ணெய். லிட்டர் கணக்கில் அடுக்கி வைத்திருப்பார்கள். தலைமையாசிரியர் அறையில் சரஸ்வதி படத்துக்குக் கீழேயும் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். எண்ணெய் எண்ணெய்தானே, காற்றுப் படாமல் இருந்தால் போதாதா என்று, அதைக் கொண்டுவந்து சோடியம் மூழ்கும்வரை ஊற்றி மூடிவிட்டேன். ஊற்றியவள் அறிவியல் டீச்சர். இதே பத்தாம் வகுப்பில், எண்ணெயும் சோடியம் சேர்ந்த காரமும் கலந்தால் சோப்பு ஆகும் என்று நடத்துகிறவளும் அவளேதான்.

இந்த வருடம் ஜூலையில் ஓசூருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ஆணையைக் கையில் வாங்கியபோது நான் நிற்கிற இடம் எது என்றே தெரியவில்லை. போன் போட்டேன், கணவர் எடுத்தார், பேச முடியாமல் வைத்துவிட்டேன். பத்து நாளுக்குள் இங்கே விடுவித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் ஆணை செல்லாது. என் இடத்துக்குப் புது ஆள் வரும்வரை ஆய்வகப் பொறுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதாக முடிவானது. செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்து மனிதர். பஸ் டிக்கெட்டைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் பாக்கெட்டில் வைப்பார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோதனைக் குழாய்களை எண்ணினார், தராசைத் தட்டிப் பார்த்தார், உடைந்த லென்ஸைத் தனியாகக் குறித்தார். கடைசியில் சோடியம் பாட்டில்.

"தொறங்க டீச்சர்."

"வேணாம் சார். யாரும் தொறந்ததில்ல."

"தொறக்காம எப்படி உள்ளதுன்னு எழுதறது?"

ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. உள்ளே எண்ணெயைக் காணோம். வெள்ளையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று ஏதோ கட்டியிருந்தது. அவர் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா டீச்சர், கோயில் வாசனை வருது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பாட்டிலைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் கணக்கு வாத்தியார். நாளைக்கு இது வெடிச்சா, பசங்க மேல பட்டா, கையெழுத்து என்னுதுதான இருக்கும்? இதுக்கு மட்டும் நான் போட மாட்டேன்."

நான் தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவருக்கு ஓய்வுக்கு ஆறு மாதம் பாக்கி.

"சார், பாட்டில் வீணாப் போச்சுன்னு எழுதி மேல அனுப்பிடலாம் சார்."

"அனுப்பினா விசாரணைன்னு வருவாங்க. ஏன் வீணாச்சு, யார் வீணாக்குனது, இத்தன வருஷம் எப்படி உள்ளதுன்னு எழுதுனீங்கன்னு கேப்பாங்க. நீங்களும் நல்லபடியா போகணும், நானும் நல்லபடியா போகணும். யாராச்சும் வாங்கிக்கட்டும், நான் இப்பவே விடுவிச்சிட்றேன்."

யார் வாங்குவார்கள்? சமூக அறிவியல் டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். தமிழாசிரியர் அன்று முழுக்க என் கண்ணில் படவே இல்லை. அலமாரியில் இருந்தது ஒரு கை அளவு பாட்டில், அது என்னை ஒன்பது வருடம் கழித்தும் விடவில்லை. பேசாமல் ஏரியில் வீசிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஏரியில் ஆடு மாடு தண்ணீர் குடிக்கிறது. சனியனே, நான் உனக்கு என்ன செய்தேன் என்று ஆளில்லாத அறையில் நின்று அதைத் திட்டினேன். திட்டிவிட்டு, மறுபடி பூட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் பௌர்ணமி. ஊர் முழுக்கக் கூட்டம், வழக்கமான பஸ்களைத் திருப்பிவிட்டிருந்தார்கள், வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வேங்கிக்கால் அறைக்கே திரும்பி வந்தேன். போனில் மகளிடம், "இந்த வாரம் அம்மாவால வர முடியலடா. ஆனா சீக்கிரம் ஒரேயடியா வந்துடுவேன்" என்றேன். "சரிம்மா" என்றாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு, ஜன்னல் வழியாகப் பாதையில் போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரும் நடந்து முடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற எண்ணம் வந்தது. பொறாமையாக இருந்தது. அழுதேன்.

திங்கட்கிழமை. ஆணை காலாவதியாக நாலு நாள். பத்தாம் வகுப்பில் அன்றைக்கென்று வினைபடு வரிசைதான் பாடம். வழக்கம்போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன். முன் பெஞ்சில் ஒரு பெண், அவள் அம்மா கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிறார், எழுந்து நின்றாள்.

"மிஸ், சோடியத்தைத் தண்ணியில போட்டா தீப்பிடிக்கும்னு சொல்றீங்களே, நீங்க பாத்துருக்கீங்களா?"

"ஏன் கேக்கற?"

"எங்க கடைக்கு வர்றவங்க மலையில அதைப் பாத்தேன், இதைப் பாத்தேன்னு நிறைய சொல்வாங்க மிஸ். எங்கம்மா, நீங்களே பாத்தீங்களான்னு கேளுடின்னு சொல்லும். முக்கால்வாசி பேரு, பக்கத்து வீட்டுக்காரர் பாத்தாருன்னுடுவாங்க."

வகுப்பு சிரித்தது. வேறு நாளாக இருந்தால் உட்காரு என்று அதட்டியிருப்பேன். அன்று அதட்டத் தெம்பு இல்லை. "இல்லம்மா, நான் பாத்ததில்ல" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் கேலி செய்யவில்லை, பாவம், எனக்காக வருத்தப்படுவது போல மெதுவாக உட்கார்ந்தாள். எனக்குத்தான் முகம் சுட்டது.

ஆசிரியர் அறைக்கு வந்தால் கணக்கு ஆசிரியர் அந்தப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அவருக்கும் தூக்கமில்லை என்று பிறகு சொன்னார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். மெக்னீசியம் நாடாவுக்கு நேரா, செயல்விளக்கத்துல செலவாச்சுன்னு எழுதி கழிச்சிருக்கீங்க. மயில்துத்தத்துக்கும் அப்படித்தான். சோடியத்துக்கு மட்டும் ஆரம்பத்துலருந்து அந்தக் கட்டம் காலியாவே கீது. இதையும் பாடம் நடத்தத்தான வாங்குனாங்க?"

செலவழிப்பதற்கென்று வாங்கிய பொருள். யாராவது ஒரு டீச்சர், வருடத்துக்கு நாலு துண்டு வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தால், அந்தப் பாட்டில் எப்போதோ காலியாகியிருக்கும். நானே காட்டியிருக்கலாம். பூட்டியது நான், சாவி என் பையில், மாட்டிக்கொண்டவளும் நான். ஒன்பது வருடப் பிள்ளைகளை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"பயமா இருக்கு சார்" என்றேன்.

"எனக்கும்தான். வீட்ல பம்ப் செட் தொடைக்கறதுக்கு மண்ணெண்ண கொஞ்சம் வெச்சிருக்கோம். நாளைக்குக் கொண்டாறேன்."

மறுநாள், சத்துணவுக் கூடத்திலிருந்து அகலமான பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கி, பாதி தண்ணீர் நிரப்பி, மைதானத்தின் நடுவில் வைத்தோம். பிள்ளைகளை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்குப் பின்னால் நிறுத்தினோம். கண்ணாடி, கவசம் எல்லாம் பள்ளியில் ஏது? நான் ஸ்கூட்டி ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். கணக்கு ஆசிரியரும் அவருடையதை மாட்டிக்கொண்டார். ஹெல்மெட் போட்ட இரண்டு வாத்தியார்கள் ஒரு டப்பைச் சுற்றிக் குனிந்து நிற்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தது. தலைமையாசிரியர் தன் அறை ஜன்னலைச் சாத்தினார், ஆனால் முழுக்கச் சாத்தவில்லை.

இடுக்கியால் கட்டியை எடுத்து, அந்தச் சோப்புப் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவிச் சுரண்டினேன். பாதிக்கு மேல் சோப்பாகவே போயிருந்தது. நடுவில் இரண்டு கோலிக்குண்டு அளவுக்கு உலோகம் மிஞ்சியிருந்தது. கத்தியை வைத்து அழுத்தினேன், இரும்பு மாதிரி எதிர்க்கும் என்று நினைத்தேன், மெதுவாக உள்ளே இறங்கியது. வெட்டிய முகம் பளபளவென்று வெள்ளி போல இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. மிளகு அளவு ஒரு துண்டை வடிதாளில் ஒற்றி, இடுக்கியில் பிடித்து, கையை எட்ட நீட்டித் தண்ணீரில் போட்டேன். போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் உண்மை.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தேன். அந்தத் துண்டு உருண்டைக் குண்டாகி, உஸ்ஸென்று சீறிக்கொண்டு, தண்ணீர் மேலேயே அங்கும் இங்கும் ஓடியது. காரம் பட்டால் நிறம் காட்டும் என்று நான் முன்பே தண்ணீரில் கலந்து வைத்திருந்த பினாப்தலீன், அது போன வழியெல்லாம் ரோஸ் நிறக் கோடு போட்டது. கடைசியில் ஒரு சின்ன மஞ்சள் தீ, டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் பெரிய அணுகுண்டு என்று நினைத்துப் பயந்தது இதற்குத்தான். டீக்கடைக்காரர் மகள் கோட்டுக்குப் பின்னாலிருந்து, "மிஸ், கண்ணை மூடிட்டீங்க, இன்னொன்னு போடுங்க" என்று கத்தினாள். போட்டேன். இந்தத் தடவை முழுக்கப் பார்த்தேன்.

மூன்று நாள், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, ஒவ்வொரு வகுப்புக்கும் காட்டினேன். மூன்றாம் நாள் கடைசித் துண்டை ஓடவிட்ட பிறகு, பாட்டிலில் மிஞ்சிய பிசுக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்தோம். பொங்கி நுரைத்து அடங்கியது. காலிப் பாட்டிலை நானே கழுவினேன். கணக்கு ஆசிரியர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். "வீணானது போக மீதி செயல்விளக்கத்தில் செலவு" என்று நான் எழுதினேன், கீழே அவர் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியர் விடுவிப்பு ஆணையைக் கொடுக்கும்போது, "நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றார். ஜன்னல் வழியாக மூன்று நாளும் பார்த்திருக்கிறார். வாசலில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, அடுத்த வாரம் என்ன மிஸ் காட்டுவீங்க என்று கேட்டார்கள். பைக்குள் ஆணை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஓசூர்ப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மகளிடம், "அம்மா இனிமே போக மாட்டேன்" என்றேன். "சரிம்மா" என்றாள், அதே "சரிம்மா".

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பை இழுபடும் சத்தம் கேட்டது. வாசலில் என் பை. பக்கத்தில் என் செருப்பு, தெருவைப் பார்த்தபடி. "அம்மா, டைம் ஆச்சு."

சத்தியம் செய்ய வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவளிடம் சொன்ன சொற்கள் ஏற்கெனவே ஜாஸ்தி. பையை அங்கேயே விட்டுவிட்டு, போய் தோசைக்கு அரிசி ஊற வைத்தேன். ஐந்து மணி ஆனது, ஆறு ஆனது. அவள் ஹாலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டே, நடுநடுவே வாசலையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் வேண்டாம் என்று கை காட்டினேன். பையை யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமைகளில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது அத்தைதான். அன்று காலையில் எழுந்ததும் நேராக வாசலுக்குப் போய்ப் பையைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சீப்பையும் இரண்டு ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.